அன்ரிகனியின் வினாவும் பள்ளி அரங்கும்

கல்விப் பொதுத் தராதர உயர்தர வகுப்பில் 'நாடகமும் அரங்கியலும்' ஒரு பாடமாக அமைந்ததன் பின்னர், ஈழத்துத் தமிழ் மாணவர்க்குக் கிரேக்க அரங்கு அயலதன்று. ஈஸ்கிலஸ், சோபோக்கிளிஸ், யூரிப்பிடீஸ் ஆகிய மூவர் பெயரையும் அவர்கள் அறிவர். ஆயினும் ஏட்டிற் கற்ற நாடகத்தை மேடையில் ஏற்ற முற்படும்போதே உண்மையான இடர் தோன்றுகின்றது. வன்னிப் பெருநிலத்துப் பள்ளியொன்று கிரேக்கத் துன்பியலொன்றை நம் காலத்துக்கு ஏற்ப ஆட விரும்பின் மூன்று வினாக்கள் எழும். பாத்திரங்களுக்கு எவ்வகை உடை அணிவிப்பது? எந்த ஆட்ட முறையைக் கையாள்வது? கதையை நம் வாழ்வுக்கு எத்துணை அண்மையிற் கொணர்வது? முதலிரண்டும் அரங்கக் கலைபற்றியவை. மூன்றாவது, பார்ப்போரின் நெஞ்சுபற்றியது. போரையும் சாவையும் நேரிற் கண்ட மக்களிடையே மிகவும் கருதத்தக்கது. இம்மூன்றாம் வினாவுக்கு நாடக வரலாறு தரும் விடை யாது என்பதை ஆராய்தல் பயனுடைத்து.

கிரேக்கத் துன்பியல் பொழுதுபோக்காகப் பிறந்ததன்று. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்தார் இளவேனிற் காலத்தில் தியோனிசஸ் என்னுந் தெய்வத்துக்கு எடுத்த விழாவிலே, அக்குறோப்பொலிஸ் குன்றின் தென்சரிவில் அமைந்த திறந்த வெளியரங்கில், கவிஞர் தம்முட் போட்டியிட்டு நாடகங்களை அளித்தனர். செல்வர் ஒருவர் பாடுநர் குழுவின் செலவை ஏற்றார். நகரமே கூடியிருந்து கண்டது. சோபோக்கிளிஸ் 120க்கு மேற்பட்ட நாடகங்களை இயற்றினார் என்பர். இன்று முழுமையாக எஞ்சியுள்ளவை 7 மட்டுமே. இக்கவிஞர் தம் கதைகளைப் பெரும்பாலும் புதிதாகப் படைத்தாரல்லர். மக்கள் முன்னரே அறிந்த பழங்கதைகளை எடுத்துத் தம் காலத்து வினாக்களை அவற்றினுள் வைத்தனர். ஆகவே, பழைய கதையைப் புதுக்கி ஆடுதல் கிரேக்க நாடகத்துக்கு இக்காலத்தார் இழைக்கும் கேடு அன்று. அந்நாடகத்தின் பிறவிக் குணமே அதுவாகும்.

சமகாலத் துயரை நேரே மேடைக்குக் கொணர்ந்த கவிஞரும் அந்நகரில் இருந்தனர். அவருள் ஒருவர் பிரினிக்கஸ். கி.மு. 494இல் மிலேத்தஸ் என்னும் நகரைப் பாரசீகர் கைப்பற்றினர். ஆடவரிற் பெரும்பாலோரைக் கொன்று, பெண்டிரையும் சிறாரையும் அடிமைகளாகக் கொண்டு சென்றனர். மிலேத்தஸ் மக்கள் ஏதென்சு மக்களுக்கு இனவழியில் உறவினர். அந்நகர் வீழ்ந்த சில ஆண்டுகளுள், அவ்வீழ்ச்சியையே பொருளாகக் கொண்டு பிரினிக்கஸ் நாடகம் அளித்தார். அரங்கிலிருந்தோர் அனைவரும் கண்ணீர் விட்டுக் கதறினர். தம் சொந்தத் துயரைத் தமக்கு நினைவூட்டியமைக்காக ஏதென்சு மக்கள் அவருக்கு 1,000 திரக்மா தண்டம் விதித்ததோடு, அந்நாடகத்தை இனி எவரும் ஆடலாகாது எனவுந் தடுத்தனர். இச்செய்தியை எழுதி வைத்தவர் வரலாற்றாசிரியர் ஹெரொடோற்றஸ். அந்நாடகமும் இன்று எஞ்சவில்லை.

இதனோடு ஒப்பிடத் தக்கது ஈஸ்கிலஸ் கி.மு. 472இல் அளித்த 'பாரசீகர்' என்னும் நாடகம். இதுவுஞ் சமகாலப் போரைப் பற்றியதே. 8 ஆண்டுகளுக்கு முன், கி.மு. 480இல், சலாமிஸ் கடற்போரில் கிரேக்கர் பாரசீகப் பெரும்படையை வென்றிருந்தனர். ஈஸ்கிலஸ் தாமும் பாரசீகரோடு பொருத மறவர். ஆயினும் அவர் தம் நாடகத்தை ஏதென்சில் நிகழ்த்தினாரல்லர். பகைவரின் தலைநகராகிய சூசாவில் நிகழ்வதாக அமைத்தார். மேடையில் வெற்றி முழக்கம் இல்லை. மகனை எதிர்நோக்கி அஞ்சும் தாயும், கந்தலுடையோடு மீளும் மன்னனும், இறந்தோர் பெயர்களைச் சொல்லிப் புலம்பும் முதியோருமே உளர். போரில் வென்ற மக்கள், தோற்றவர் வீட்டு ஒப்பாரியை அமர்ந்து கேட்டனர். அந்நாடகத்துக்கு முதற் பரிசும் வழங்கினர்.

பிரினிக்கசுக்குத் தண்டமும் ஈஸ்கிலசுக்குப் பரிசும் கிடைத்தமைக்கு வெற்றி தோல்வி என்ற வேறுபாடும் ஒரு காரணமே. எனினும் அது மட்டுமன்று. ஆறாத புண்ணை நேரே தீண்டினால் நோவு ஒன்றே எஞ்சும், சிந்தனைக்கு இடமிராது. அதே துயரை வேறோர் ஊரில், வேறொருவர் வீட்டில் வைத்துக் காட்டினால், காண்போர் அழுதுகொண்டே எண்ணவும் இயலும். யூரிப்பிடீஸ் இவ்வுண்மையைத் தம் நகரத்தின் குற்றத்தைச் சுட்டவும் பயன்படுத்தினார். மேலோஸ் என்னும் சிறு தீவை ஏதென்சுப் படை வென்று, ஆடவரைக் கொன்று, பெண்டிரையும் பிள்ளைகளையும் அடிமைப்படுத்தியது. அதனை அடுத்துக் கி.மு. 415இல் அவர் அளித்த 'துரோயப் பெண்கள்' நாடகத்தில் மேலோஸ் என்ற பெயரே வருவதில்லை. எரிந்த துரோய் நகரின் மதிலருகே, கணவரையும் மைந்தரையும் இழந்த பெண்டிர் தம்மை ஏற்றிச் செல்லும் கப்பலுக்குக் காத்திருக்கின்றனர். அவ்வளவே. கவிஞர் கூறாத பெயரைக் காண்போர் தாமே நிரப்பிக்கொள்ளும் வண்ணம் அந்நாடகம் அமைந்தது.

பிற்காலத்தார் மீண்டும் மீண்டும் எடுத்தாண்ட துன்பியல் சோபோக்கிளிசின் 'அன்ரிகனி' ஆகும். இது கி.மு. 441ஆம் ஆண்டளவில் ஆடப்பெற்றது. தீப்ஸ் நகரத்து மன்னன் ஈடிப்பசின் மைந்தர் இருவரும் அரசுரிமைக்காகப் பொருது ஒருவரையொருவர் கொன்று மாய்கின்றனர். அரசேற்ற மாமன் கிரெயோன், நகரைக் காத்த எதியோக்கிளிசுக்குச் சிறப்போடு ஈமக்கடன் செய்விக்கின்றான். படையோடு வந்த பொலினைசசின் உடலை நாய்க்கும் பறவைக்கும் இட்டு, அதனை அடக்கஞ் செய்வோர்க்குச் சாவே தண்டம் என ஆணையிடுகின்றான். தங்கை அன்ரிகனி அவ்வாணையை மீறி உடன்பிறந்தான் உடல்மீது மண்ணைத் தூவுகின்றாள். பிடிபட்டபோது அதனை மறுத்தாளல்லள். மன்னன் ஆணையினும் தெய்வங்களின் எழுதா நெறி மேலானது என்பதே அவள் கூற்று. அவள் உயிரோடு கற்குகையில் அடைக்கப்படுகின்றாள். நிமித்திகன் எச்சரித்த பின்னரே கிரெயோன் மனந்திரும்புகின்றான். பெண்ணை முதலில் விடுவிக்குமாறு முதியோர் கூறவும், அவன் உடலை அடக்கஞ் செய்துவிட்டே குகைக்குச் செல்கின்றான். அதற்குள் அவள் தூக்கிட்டு இறந்தாள். அவளை மணக்கவிருந்த அவன் மகனும், அம்மகனை ஈன்ற தாயும் தம்முயிரை மாய்த்தனர்.

இந்நாடகத்தைக் கொடிய மன்னனுக்கும் நல்லாள் ஒருத்திக்கும் இடையே நிகழ்ந்த போராகக் கொள்வது பொருந்தாது. கிரெயோன் பக்கத்திலும் நியாயம் உண்டு. போர் ஓய்ந்த மறுநாள் அவன் அரசேற்கின்றான். நகரைத் தாக்கியவனுக்கும் காத்தவனுக்கும் ஒரே சிறப்பா என்று அவன் கேட்பது வெறும் பிடிவாதம் அன்று. இரு நியாயங்கள் மோதுவதே இதன் துன்பியற் பண்பு என்று செருமானிய மெய்யியலாளர் ஹெகல் விளக்கினார். ஆயின், இறந்தவன்மீதும் பகையைத் தொடரலாம் என்று எண்ணிய இடத்திலேதான் கிரெயோனின் நியாயம் எல்லை கடக்கின்றது.

இருபதாம் நூற்றாண்டில் இந்நாடகத்தைப் புதுக்கியோர் மூவகை வழிகளைக் கையாண்டனர். பிரான்சு நாடு செருமானியரின் ஆட்சியில் இருந்த 1944ஆம் ஆண்டு பெப்ரவரியில், ஜான் அனூய் எழுதிய 'அன்ரிகனி' பாரிசு நகரில் மேடையேறியது. நடிகர் அக்காலத்து உடையே அணிந்தனர்; கதை தீப்சிலேயே நிகழ்ந்தது. தணிக்கையாளர் அதற்கு இசைவளித்தனர். காண்போருட் பலர் அன்ரிகனியின் மறுப்பிலே தம் நாட்டின் மறுப்பைக் கண்டனர். 1948இல் சுவிற்சர்லாந்தின் கூர் நகரில் பேட்டோல்ட் பிரெக்ட் அளித்த நாடகத்திலோ முன்னுரைக் காட்சி புதியது. 1945 ஏப்ரலில், பேர்லின் நகரில், குண்டுவீச்சுப் பதுங்கிடத்திலிருந்து மீளும் சகோதரியர் இருவர், படையைவிட்டு ஓடிவந்த உடன்பிறந்தான் வாயிலிலே தூக்கிலிடப்பட்டிருக்கக் காண்கின்றனர். அதன்பின் பழங்கதை தொடர்கின்றது. 1973இல் அத்தல் பூகார்ட், யோன் கானி, வின்ஸ்ரன் ந்ட்சோனா ஆகிய மூவரும் ஆக்கிய 'தீவு' என்னும் நாடகம் தென்னாபிரிக்காவில் ஆடப்பெற்றது. அதில், சிறையிலுள்ள கைதியர் இருவர் சிறை விழாவுக்காக அன்ரிகனியை ஒத்திகை பார்க்கின்றனர். அந்நாட்டின் றொபன் தீவுச் சிறையில் நெல்சன் மண்டேலா தாமே கிரெயோனாக நடித்தமையை அவர்தம் வாழ்க்கை வரலாற்றிற் காணலாம். முதலாமவர் உடையை மாற்றினார். இரண்டாமவர் வாயிலை மாற்றினார். மூன்றாமவர் நடிப்போரையே கதையாக்கினர். மூவகையிலும் தீப்ஸ் என்ற தொலைவூர் நீங்காது நின்றது குறிக்கத்தக்கது.

அன்ரிகனி எழுப்பும் வினா இந்து சமயத்தார்க்குப் புதியதன்று. வான்மீகி இராமாயணத்தில் இராவணன் வீழ்ந்தபின் அவனுக்கு ஈமக்கடன் செய்ய வீடணன் தயங்குகின்றான். சாவோடு பகை முடிந்தது என்று கூறி, அக்கடனைச் செய்யுமாறு பணிப்பவன் வென்ற இராமனே. மகாபாரதத்தின் பெண்டிர் பருவத்தில், தருமன் இருதரப்பிலும் மாண்ட அனைவர்க்கும், உறவினர் அற்றோர்க்குங்கூட, எரியூட்டுவிக்கின்றான். கங்கைக் கரையில் நீர்க்கடன் செய்யும் வேளையிலேயே குந்தி, கன்னன் தன் மூத்த மகன் என்ற உண்மையை வெளியிடுகின்றாள். பகைவன் என்று கொன்றவன் தமையன் என்பது, அவனுக்கு நீர் வார்க்க நின்ற பொழுதிலேதான் தெரியவருகின்றது. இலங்கையின் மகாவமிசமும் இதற்கோர் எடுத்துக்காட்டுத் தருகின்றது. துட்டகைமுனு மன்னன், தான் போரிற் கொன்ற எல்லாள மன்னனுக்குச் சிறப்போடு ஈமக்கடன் செய்து, அவ்விடத்தில் நினைவுச் சின்னம் எழுப்பி, அதனைக் கடந்து செல்வோர் இசை முழக்கலாகாது என விதித்தான் என்பது அந்நூற் செய்தி. கிரெயோன் செய்யத் தவறியதைச் செய்த மன்னரை இவ்விரு மரபுகளும் போற்றி வைத்துள்ளன.

துன்பியல் நாடகமும் வன்னிக்கு அயலதன்று. நந்திக் கடலோரத்து வற்றாப்பளையிலே கோயில் கொண்டிருப்பவள், கணவனை இழந்து மன்னனிடம் நீதி கேட்ட கண்ணகியே. மதுரையை எரித்த சினந் தணிய அவள் தங்கிய பத்தாம் பளை இதுவென்பது ஐதீகம். வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பது இக்கோயில் வழக்கு. 'சிலம்பு கூறல்' என்ற பெயரால் அவள் கதை வன்னியில் வழங்குகின்றது. முல்லைத்தீவுப் பகுதியிற் கோவலன் கூத்து தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வந்துள்ளது. அன்ரிகனியும் கண்ணகியும் மன்னன் முன் தனித்து நின்ற பெண்டிர். ஒருத்தி இறந்தானுக்குரிய கடனைக் கேட்டாள். மற்றவள் இறந்தான் குற்றமற்றவன் என்பதை மெய்ப்பித்தாள். பாண்டியன் தன் தவற்றை உணர்ந்த அக்கணமே உயிர் நீத்தான். கிரெயோன் உயிரோடிருந்து அதனைச் சுமந்தான். வன்னி மக்கள் கண்ணகியை எரித்தவளாக மட்டுமன்றிக் குளிர்ந்தவளாகவும் வழிபடுகின்றனர். துயரை நீண்ட காலம் கதையாகவும் சடங்காகவும் ஏந்தி ஆற்றிக்கொண்ட மரபு இது.

இந்நிலத்தின் அண்மைக்கால வரலாறும் நாடகமாகியுள்ளது. 1803 ஆகத்து 25இல் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய பண்டார வன்னியன், அதே ஆண்டு ஒற்றோபர் 31இல் ஆங்கிலேயத் தளபதி திறிபேக்கிடம் தோற்றமையைக் கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட கல் கூறியது. இத்தோல்வியின் நாயகனை முள்ளியவளையைச் சேர்ந்த முல்லைமணி வே. சுப்பிரமணியம் தமது 'பண்டார வன்னியன்' நாடகத்தால் மக்கள் நெஞ்சில் நிறுத்தினார். ஒன்றரை நூற்றாண்டுத் தொலைவு அத்தோல்வியைப் பெருமிதத்தோடு காண இடமளித்தது.

2009ஆம் ஆண்டின் துயருக்கு அத்தகைய தொலைவு இன்னும் வாய்க்கவில்லை. அவ்வாண்டு மே 18இல் முள்ளிவாய்க்காலில், நந்திக் கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில், போர் முடிவுற்றது. உயிர் தப்பியோர் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் வவுனியா செட்டிகுளம் பகுதி முகாம்களில் அடைபட்டனர். இறந்தோர்க்குக் காடாற்றவும், எட்டுச் செலவு செய்யவும், 31ஆம் நாள் அந்தியேட்டி செய்யவும் இயலாது போன குடும்பங்கள் எண்ணில. காணாமற் போனோரின் உறவினர் நிலையோ இன்னுங் கொடியது. இறந்தார் எனக்கொண்டு ஆடி அமாவாசையில் நீர்க்கடன் செய்யவும் மனம் ஒப்பவில்லை. இருக்கின்றார் எனக்கொண்டு காத்திருக்கவும் ஒரு சான்றில்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் இவர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். காணாமற் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறி, அதன் ஆணையாளர் 2018இல் நியமனம் பெற்றனர். 2023இல் முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்க மண்ணை அகழ்ந்தபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. அவை எவருடையவை என்ற ஏக்கம் பல வீடுகளைப் பற்றியது. அன்ரிகனிக்குத் தன் தமையனின் உடல் கிடக்கும் இடமேனும் தெரிந்திருந்தது.

ஆகவே, வன்னிப் பள்ளியொன்றில் அன்ரிகனியை மேடையேற்றுதல் வெறுங் கலைப் போட்டி முயற்சியாகாது. அங்கே நடிக்கும் மாணவரும் காணும் பெற்றோரும் அக்கதையின் உள்ளிருப்போர். இந்நிலையிலேதான் பிரினிக்கசின் பாடம் பயன்படுகின்றது. தீப்ஸ் என்ற பெயரை நீக்கி முள்ளிவாய்க்கால் என்று வைப்பதும், படைவீரர் உடையும் வெடியோசையும் கொண்டு மேடையை நிறைப்பதும் எளிய வழிகள். அவை காண்போரை அழவைக்கும். அதற்குமேல் யாதுஞ் செய்யா. இழப்புற்ற பிள்ளை ஒன்று தன் வீட்டுச் சாவையே பலர் முன்னிலையில் மீண்டும் நடிக்க நேருமாயின், அது கல்வி ஆகாது. பழங்கதையின் தொலைவே அப்பிள்ளைக்கு மறைவும் காவலும் ஆகும். அத்தொலைவுக்குள் நின்று அது தன் சொந்தக் குரலிற் பேசலாம். பேசியது தன் கதை என்று எவர்க்குங் கூற வேண்டியதில்லை.

இவ்வழியில் ஈழத்து அரங்கு முன்னரே சில அடிகள் வைத்துள்ளது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மேடைக்கு அளித்த 'இராவணேசன்' கூத்து, வீழும் மன்னன் ஒருவனைத் துன்பியல் நாயகனாகக் காட்டியது. 1978இல் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவிய குழந்தை ம. சண்முகலிங்கம், 1991இல் எழுதிய 'அன்னை இட்ட தீ' என்னும் நாடகத்திற் போர் விளைத்த உளக்காயத்தைப் பொருளாகக் கொண்டார். 2000ஆம் ஆண்டளவில் தர்மசிறி பண்டாரநாயக்க 'துரோயப் பெண்கள்' நாடகத்தைச் சிங்கள மேடையில் அளித்தார். போர் நடந்துகொண்டிருந்த நாட்டில், தென்னிலங்கை மக்கள் போரில் யாவும் இழந்த பெண்டிரின் குரலைத் தம் மொழியிற் கேட்டனர். ஈஸ்கிலசின் ஏதென்சு அரங்கை இது நினைவூட்டுகின்றது.

ஆட்ட முறையைப் பொறுத்தவரை வன்னி மாணவர் தொலைதூரஞ் செல்ல வேண்டுவதில்லை. கிரேக்க ஆடரங்கு வட்டமானது. நாட்டுக்கூத்தின் வட்டக்களரியும் அத்தகையதே. சோபோக்கிளிஸ் பயன்படுத்திய பாடுநர் 15 பேர். பேசும் நடிகர் 3 பேர் மட்டுமே. அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் கூத்திற் செய்யும் பணியை அப்பாடுநர் குழுவின் பணியோடு ஒப்பிடலாம். இவ்வமைப்புப் பள்ளிக்கு மிகப் பொருந்தும். திறமை மிக்க மூவர் மட்டும் மின்ன, ஏனையோர் திரைக்குப் பின்னே நிற்கும் நாடகம் அன்று இது. வகுப்பு முழுவதும் களரியில் நின்று, நிகழ்வதைக் கண்டு, அதுபற்றிப் பாடிக் கேள்வி கேட்கும் நாடகம். ஒப்பாரியின் இசையை அறிந்த தாய்மாரிடமிருந்தே பாடுநரின் புலம்பலுக்கு மெட்டுப் பெறலாம்.

ஒரு கடமை மட்டும் நெறியாள்வோரால் மறக்கப்படலாகாது. கிரெயோனாக நடிக்கும் மாணவனுக்கு அவன் நியாயத்தை முழுமையாகக் கூற இடமளித்தல் வேண்டும். அவனைக் கேலிக்குரிய கொடியோனாக்கினால் நாடகம் எளிதாகும், வினா மறைந்துவிடும். வென்றவர் தாமே நேர்மையர் என்று உண்மையாகவே நம்பி, இறந்தவர்க்குரியதை மறுக்கலாம் என்பதே அந்நாடகத்தின் அச்சந்தரும் செய்தி. அதனை உணர்ந்த மாணவன், நாளை தானே அதிகாரம் உடையவனாகும்போது தன்னிடத்துக் கிரெயோனை அடையாளங் காண்பான். அன்ரிகனியாக நடிக்கும் மாணவிக்கும், அவளைப்போல் அஞ்சாமையோடு, அவள் தங்கை இஸ்மீனியின் அச்சத்தையும் புரிந்துகொள்ளக் கற்பித்தல் வேண்டும். போரின் நடுவே வாழ்ந்தோருட் பெரும்பாலோர் இஸ்மீனியைப் போன்றோரே. அஞ்சினமைக்காக அவரை இகழ்தல் தகாது.

இறந்தோர்க்கு நீர்க்கடன் செய்யும் உரிமை எந்த ஆட்சியாலும் அளிக்கப்படுவதன்று; எடுக்கப்படத் தக்கதுமன்று. அதனை இராமன் அறிந்திருந்தான், தருமன் அறிந்திருந்தான், துட்டகைமுனுவும் அறிந்திருந்தான். கிரெயோன் காலந் தாழ்த்தி அறிந்தான். இவ்வரலாற்றை வன்னிப் பிள்ளைகள் தம் பள்ளிக் களரியில், தம் கூத்தின் தாளத்தில், தீப்ஸ் என்னுந் தொலைவூரின் பெயரால் ஆடிக்காட்டுவராயின், மண்டபத்தில் இருக்கும் தாய் ஒருத்தி, தன் மகன் பெயரை எவருஞ் சொல்லாமலே, அவனுக்காக அழ இடம் பெறுவாள். அவ்விடத்தை அளித்தல் ஒரு பள்ளி அரங்கால் இயலும். அது சிறு பணி ஆகாது.